தோளில் ஒரு கிணறு

எழுத்தாளனுக்குப் பணம் வருகிறதோ இல்லையோ, தோள்வலி தவறாமல் வந்துவிடும். எனக்கும் வந்தது. கழுத்தின் அடியில் தொடங்கி வலது தோளின் முனை வரையில் யாரோ ஒரு கயிற்றைக் கட்டி முறுக்குவது போல் இருந்தது. தைலம் தேய்த்துப் பார்த்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வாரம் எழுதாமல்கூட இருந்து பார்த்தேன். வலி போகவில்லை. பத்திரிகாசிரியரின் டெலிபோன்தான் வந்தது.

கடைசியில் என் மனைவி, "ஊசி குத்துகிற டாக்டரிடம் ஒரு நடை போய்விட்டு வாருங்களேன். குத்தினால் உயிரா போய்விடும்?" என்றாள். அவள் விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் பொருள் என்பது அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டாக்டர் ஆங்கில வைத்தியம் படித்தவர். அதன் பிறகு சீன ஊசி வைத்தியமும் பயின்றவர். என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் ஓர் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தார். உடனே குத்திவிடவில்லை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோள் சதையைக் கொத்தாகப் பிடித்து மேலே தூக்கினார். தூக்கிய சதைக்குள், தையல் ஊசியைவிட எவ்வளவோ மெல்லிய ஓர் ஊசியைப் படுக்கை வசமாகச் செருகினார்.

"எதற்காக டாக்டர், பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்குகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"கீழே நுரையீரல் இருக்கிறதே, சார்!"

"நுரையீரல் மார்பில் அல்லவா இருக்கிறது?"

"அதன் நுனி காறை எலும்புக்கு மேலேயும் ஒரு விரற்கடை எட்டிப் பார்க்கும். இந்த இடத்துக்குச் சீனர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், தெரியுமா? 'ஜியென்ஜிங்'. அப்படியென்றால் தோள் கிணறு. கிணற்றின் ஆழம் தெரியாமல் யாராவது இறங்குவார்களா?"

அத்துடன் அவர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். நான் தோளில் ஊசியுடன் இருபது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை என்ன? எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இல்லாத காலத்தில், தோலுக்கு அடியில் எங்கே எது இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அந்தச் சீனர்கள் எப்படி அறிந்தார்கள்? அதை அறிவதற்கு முன் எத்தனை பேர் போனார்கள்?

தோள்வலி போன பிறகும் இந்தக் கேள்வி போகவில்லை. நூல்களைத் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டதை நேயர்களுக்குச் சொல்கிறேன். ஊசி குத்தினால் எந்தெந்த வியாதி குணமாகும் என்ற வாதத்துக்குள் நான் நுழையப் போவதில்லை. அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் சொல்லப்போவது ஆழத்தைப்பற்றி.

*

சீன வைத்தியத்துக்கு மூல நூல் 'மஞ்சள் சக்கரவர்த்தியின் உள் நூல்'. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. ஒன்பது வகை ஊசிகளை அது வர்ணிக்கிறது. அவற்றுள் மிக நீண்டது ஏழு அங்குலம். சீன அங்குலத்துக்குச் 'சுன்' என்று பெயர். அதில் பத்தில் ஒரு பங்குக்கு 'ஃபென்' என்று பெயர். அந்தக் காலத்துச் சுன் நம்முடைய இன்றைய கணக்கில் சுமார் 23 மில்லிமீட்டர். இந்த 23-ஐ நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

ஊசிகள் வெறும் ஏட்டுச் சமாசாரம் அல்ல. கி.மு. 113-இல் காலமான லியூ ஷெங் என்ற இளவரசனின் கல்லறையை 1968-இல் தோண்டினார்கள். உள்ளே தங்க ஊசி நான்கும் வெள்ளி ஊசி ஐந்தும் இருந்தன.

அந்த மூல நூலில் 'குத்தக் கூடாதவை' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. வைத்திய நூல்களில் இவ்வளவு பயங்கரமான அத்தியாயத்தை நான் வாசித்ததில்லை. ஊசி இருதயத்தில் பட்டால் ஒரு நாளில் மரணம், பித்தப்பையில் பட்டால் ஒன்றரை நாள், நுரையீரலில் பட்டால் மூன்று நாள், கல்லீரலில் ஐந்து, சிறுநீரகத்தில் ஆறு, மண்ணீரலில் பத்து. பிடரிக்கு மேலே குத்தி மூளைக்குள் போனால் அந்தக் கணமே. புறங்காலில் பெரிய நாளத்தைக் குத்தினால் ரத்தம் நிற்காமல் மரணம்.

நாட்கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பஞ்சபூதக் கணக்கில் ஆசை கொண்டவர்கள் அவர்கள், எண்களை ஒழுங்குபடுத்தியிருக்கலாம். ஆனால் அதே அத்தியாயத்தில் இன்னொரு வரி இருக்கிறது. காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் ஊசியை ஆழமாகச் செலுத்தினால் காற்றுக் கசிந்துவிடும் என்றும், அந்த மனிதனுக்கு இளைப்பும் இருமலும் காணும் என்றும் அது சொல்லுகிறது. இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. இது கண்ணால் கண்ட காட்சி.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. இரண்டுக்கும் நடுவே காற்றுக்கு இடமில்லை. ஊசி இந்த உறையைத் துளைத்து நுரையீரலையும் தொட்டுவிட்டால், மூச்சுக்கு மூச்சு காற்று அந்த இடைவெளிக்குள் கசியும். நுரையீரல் பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி மெள்ள மெள்ளச் சுருங்கும். துளை மிகச் சிறியது ஆகையால் குத்தின உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே இளைப்பும் இருமலும் மார்புவலியும் வரும். இன்றைய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கேட்டு எழுதிக்கொள்ளும் அடையாளங்களும் இவைதாம்.

அந்த வரியை எழுதினவர் யாரோ தெரியாது. ஆனால் யாரோ ஒருவர், தாம் குத்திய மனிதன் இளைத்து இருமுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். பார்த்ததை மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார். இந்தக் கதையில் முதல் கும்பிடு அவருக்குத்தான்.

*

இடத்தைக் கண்டுபிடிக்கச் சீனர்கள் செய்த ஏற்பாடு மிகவும் சாமர்த்தியமானது. நம் பாட்டிமார்கள் விரற்கடையால் அளந்தது போல, அவர்களும் உடம்பையே அளவுகோலாகக் கொண்டார்கள். வைத்தியரின் விரல் கணக்கல்ல. நோயாளியின் விரல்தான் கணக்கு. அவனுடைய கட்டைவிரலின் அகலம் ஒரு சுன். நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் மூன்று சுன். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரையில் பன்னிரண்டு சுன். குழந்தையானாலும் பயில்வானானாலும் கணக்குத் தவறாது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை. தோலின் மேல் நீளவாட்டில் அளப்பதற்கு அது சரி. ஆழத்துக்கு அது உதவாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மிட்டாய்க் கடை முதலாளி. மற்றவர் தமிழ் எழுத்தாளர். இரண்டு பேருக்கும் முழங்கை முதல் மணிக்கட்டு வரை பன்னிரண்டு சுன்தான். ஆனால் முதுகுத் தோலுக்கும் நுரையீரலுக்கும் நடுவே முதலாளிக்கு இருக்கும் சதை எழுத்தாளருக்கு இருக்குமா? மூல நூலும் இதை அறிந்தே இருக்கிறது. பருத்தவனுக்கு ஆழமாகவும், மெலிந்தவனுக்கு மேலாகவும், குழந்தைக்கு மயிர் போன்ற ஊசியால் மிக மேலாகவும் குத்தச் சொல்கிறது. அறிந்தது சரி, அளப்பது எப்படி?

உள்ளே திறந்து பார்த்தாலொழிய அளக்க முடியாது. அப்படித் திறந்து பார்த்த ஒரு சம்பவம் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. கி.பி. 9-இல் ஹான் வம்சத்தின் சிம்மாசனத்தைப் பறித்துக்கொண்ட வாங் மாங் என்பவன், 16-ஆம் ஆண்டில் தன்னை எதிர்த்த கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனைப் பிடித்தான். அரண்மனை வைத்தியரையும் கைதேர்ந்த ஒரு கசாப்புக்காரனையும் கூட்டி வைத்து அவன் உடலை அறுக்கச் செய்தான். உள்ளுறுப்புகளை அளந்தார்கள். மெல்லிய மூங்கில் குச்சியை நாளங்களுக்குள் செலுத்தி, அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பார்த்தார்கள். இதனால் நோய் தீர்க்க உதவும் என்று சொல்லிக்கொண்டார்களாம். வாங் மாங்குக்கு வைத்தியத்தில் அக்கறையா, பழி வாங்குவதில் அக்கறையா என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். வைத்திய அறிவு எப்போதும் நல்லவர்கள் கையால்தான் வந்தது என்று நினைக்க எனக்கும் ஆசைதான்.

*

இப்போது ஒரு வீரனைப் பார்ப்போம். ஹுவா துவோ என்ற மகா வைத்தியரைப்பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கி.பி. 208-ஐ ஒட்டிக் கொடுங்கோலன் ஸாவ் ஸாவ் அவரைக் கொன்றான். அவருக்கு ஃபான் ஆ என்று ஒரு சீடன். மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'மூன்று ராஜ்யங்களின் வரலாறு' இந்தச் சீடனைப்பற்றி ஒரு செய்தி சொல்கிறது. அந்தக் காலத்து வைத்தியர்கள் எல்லாரும் முதுகிலும் மார்பிலும் கண்டபடி குத்தக் கூடாது, குத்தினாலும் நான்கு ஃபென்னுக்கு மேல் போகக் கூடாது என்பார்களாம். ஃபான் ஆ மட்டும் முதுகில் ஒரு சுன், இரண்டு சுன் குத்துவானாம். மார்பெலும்புக்குக் கீழே ஐந்தாறு சுன் ஆழம்கூடச் செலுத்துவானாம். நோய்களும் தீர்ந்துவிடுமாம்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் நான் ஒப்புக்கொள்கிறேன்: ஃபான் ஆ அருமையான கதாபாத்திரம். நாலு பேர் பயந்து நிற்கும்போது ஒருவன் துணிந்து கை வைக்கிறான். நோயாளி எழுந்து நடக்கிறான். இதைவிட நல்ல காட்சி எந்தத் தொடர்கதைக்கு வேண்டும்? 'நான்கு ஃபென், நான்கு ஃபென்' என்று முணுமுணுக்கும் பெயர் தெரியாத வைத்தியர்களை வைத்து ஓர் அத்தியாயம்கூட ஓட்ட முடியாது. சரித்திரம் எழுதியவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். வீரன் பெயரை எழுதினார். மற்றவர்களை 'வைத்தியர்கள்' என்று சொல்லி விட்டுவிட்டார்.

இப்போது அந்த 23 மில்லிமீட்டரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நான்கு ஃபென் என்றால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர்.

இன்றைய உடற்கூற்று நிபுணர்கள் முதுகையும் மார்பையும் அளந்து சொல்லியிருக்கிறார்கள். தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவிலும், காறை எலும்பின் நடுவிலிருந்து கீழே இறங்கும் கோட்டிலும், தோலிலிருந்து நுரையீரல் உறை வரைக்கும் சில இடங்களில் 10 முதல் 20 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆகவே 9 மில்லிமீட்டரில் நின்றவன் மெலிந்த உடம்பிலும் தப்பினான். 23-உம் 46-உம் போனவன், சாய்த்துக் குத்தினானோ, தடித்த உடம்பாகத் தேடிக் குத்தினானோ, அல்லது அவன் அதிர்ஷ்டமோ, நூல் சொல்லவில்லை. பிழைத்தவர்கள் வந்து சொன்னார்கள். பிழைக்காதவர்கள் வந்து சொல்லவில்லை.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் நான் சற்று நேரம் பேனாவை வைத்துவிட்டேன். ஸ்கேன் இல்லை, எக்ஸ்ரே இல்லை. பெயர் தெரியாத அந்தப் பயந்தாங்கொள்ளிகள் ஒரு மில்லிமீட்டர் மீதம் வைத்து நின்றிருக்கிறார்கள்!

*

அந்த நூற்றாண்டிலேயே ஹுவாங்ஃபூ மி என்ற அறிஞர், 349 ஊசிப் புள்ளிகளையும் ஒழுங்காகத் தொகுத்து ஒரு நூல் செய்தார். இருபது வயது வரையில் ஊர் சுற்றியாகத் திரிந்து, வளர்த்த தாயின் கண்ணீரைக் கண்டு படிக்கத் தொடங்கியவர் அவர். பிறகு வாதநோயில் விழுந்தார். தம் உடம்புக்காகவே வைத்தியம் படித்தார். இந்தப் புள்ளியில் மூன்று ஃபென், அந்தப் புள்ளியில் ஐந்து ஃபென் என்று ஆழத்தைப் புள்ளிவாரியாக எழுதி வைத்தார். நோயாளியே எழுதிய நூல் என்பதால் அந்த எண்களில் ஒரு ஜாக்கிரதை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஏட்டைக் கையால் நகலெடுக்கிற காலம். எழுத்தர் ஒருவர் கொட்டாவி விட்டால் மூன்று ஐந்தாகிவிடும். சித்திரத்திலோ புள்ளி ஒரு விரல் தள்ளிப் போய்விடும். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று சோங் வம்சத்து ரென்சோங் சக்கரவர்த்தியின் அரசு தீர்மானித்தது. அரண்மனை வைத்தியர் வாங் வெய்யியிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. (சீனத்தில் வாங் என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. இந்தக் கட்டுரையில் இன்னும் ஒரு வாங் வருவார்.) 1026-இல் அவர் நூலை முடித்தார். அதைக் கல்லில் வெட்டி நட்டார்கள். கல்லில் கொட்டாவி விட முடியாது அல்லவா? 1027-இல் ஆள் உயரத்தில் இரண்டு வெண்கல மனிதர்களை வார்த்தார்கள். ஒன்று வைத்தியக் கழகத்துக்கு. மற்றொன்று தலைநகர் கைஃபெங்கில் இருந்த பெரிய புத்த ஆலயத்துக்கு.

அந்த வெண்கல மனிதனின் மேனியில் 354 புள்ளிகள், 657 துளைகள். அதை வைத்துப் பரீட்சை நடத்திய விதத்தை சோவ் மி என்ற எழுத்தாளர் தம் தாய்மாமன் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார். உடலை இரண்டாகப் பிரிக்கலாம். உள்ளே உறுப்புகள் எல்லாம் அமைந்திருக்கும். பரீட்சைக்கு முன் மேலே மஞ்சள் மெழுகைப் பூசித் துளைகளை மறைத்துவிடுவார்கள். உள்ளே திரவத்தை நிரப்புவார்கள். மாணவன் அளந்து பார்த்துக் குத்த வேண்டும். சரியான இடமானால் ஊசி இறங்கும். திரவம் வெளியே வரும். மயிரிழை தவறினாலும் ஊசி உள்ளே போகாது.

எவ்வளவு நேர்த்தியான பரீட்சை! மாமனுடைய சிபாரிசு எடுபடாது. பதில் தாளைத் திருத்துகிறவரின் மனநிலை குறுக்கிடாது. ஆயினும் யோசித்துப் பார்த்தால், அது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது: எங்கே? திரவம் வந்துவிட்டால் மாணவன் தேறினான். எவ்வளவு ஆழம் என்று வெண்கலம் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. வெண்கல மனிதன் மூச்சு விடுவதில்லை. பருப்பதில்லை, மெலிவதில்லை. இரவில் எழுந்து உட்கார்ந்து இருமுவதும் இல்லை.

பிற்காலத்தில் ஒரு வெண்கல மனிதன் மங்கோலியர் கைக்குப் போனான். பழுதாகியிருந்த அவனைச் செப்பனிட ஆள் அகப்படாமல் குப்ளாய் கான் தேடியபோது, நேபாளத்திலிருந்து வந்த அர்னிகோ என்ற இளைஞர் முன்வந்தார். 1265-இல் வேலையை முடித்தபோது அவருக்கு இருபது வயதுதான் இருக்கும். அங்கிருந்த பொற்கொல்லர்கள் கண்டு வெட்கினார்களாம். 1443-இல் மிங் வம்சத்தார் பழையது தேய்ந்துவிட்டதென்று புதிதாக ஒன்று வார்த்தார்கள். முதல் இரண்டு வெண்கல மனிதர்களும் இன்று இல்லை. வாங் வெய்யியின் கல்வெட்டோ உடைந்து கோட்டை மதிலுக்குக் கல்லாகப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் பெய்ஜிங் நகரின் பழைய மதிலை இடித்தபோது துண்டு துண்டாக அகப்பட்டது.

*

மூன்றாவது வாங்கின் பெயர் வாங் சிங்ரன். எனக்கு இவரிடம் தனி மரியாதை உண்டு.

1797-இல் லுவாஞ்சோ பகுதிக்கு அவர் போயிருந்தார். குழந்தைகளுக்கு ஒரு கொள்ளை நோய் கண்டிருந்தது. பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகள் மடிந்தன. ஏழைகள் பாயில் சுற்றிக் கொண்டுபோய் மேலாகப் புதைத்துவிட்டுத் திரும்பினார்கள். ஆழப் புதைத்தால் அடுத்த குழந்தை தங்காது என்பது அந்த ஊர் நம்பிக்கை. நாய்கள் வந்தன. வாங் சிங்ரனும் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார். பிறகு, பழைய நூல்களில் உள்ள தவறுகளுக்கெல்லாம் காரணம் யாரும் நேரில் பாராததுதான் என்று நினைத்துக்கொண்டார். பத்து நாள் விடியற்காலையில் அங்கே போனார். முப்பதுக்கு மேற்பட்ட சிறு உடல்களைப் பார்த்தார். நூல்களில் உள்ள சித்திரங்களோடு ஒப்பிட்டார். பொருந்தவில்லை.

எல்லாவற்றையும் பார்த்தவருக்கு ஒன்று மட்டும் அகப்படவில்லை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற சதைத் திரை. அவர் பார்த்த இடத்திலெல்லாம் அது கிழிந்து போயிருந்தது. அது இருதயத்துக்குக் கீழா, மேலா? சாய்வா, நேரா? ஊசி குத்துகிறவனுக்கு இது சாதாரணக் கேள்வியல்ல. மூச்சை இழுக்கும்போது அந்தத் திரை கீழே இறங்குகிறது. நுரையீரலின் விளிம்பும் கூடவே இறங்குகிறது. விடும்போது மேலே ஏறுகிறது. முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரே புள்ளிக்கு அடியில் இந்தக் கணம் நுரையீரல் இருக்கும். அடுத்த கணம் இராது.

வாங் சிங்ரன் அதைத் தேடிக் கொலைக்களங்களுக்குப் போனார். 1799-இல் ஒரு மரண தண்டனை. தண்டனை பெற்றவள் பெண் என்றறிந்து கிட்டே போகாமல் நின்றுவிட்டார். 1820-இல் பெய்ஜிங்கில் இன்னொன்று, கிட்டே போனார், திரை கிழிந்திருந்தது. பிறகு ஒரு முறை அருகில் போகவே முடியவில்லை. 1829-இல் ஓர் இரவு நோயாளி ஒருவரைப் பார்க்க ஒரு வீட்டுக்குப் போனார். பேச்சுவாக்கில் தம் முப்பது வருஷத்துக் குறையைச் சொன்னார். அங்கே இருந்த ஓர் அதிகாரி எல்லைப்புறத்தில் சேவகம் செய்தவர்; தண்டனைகள் பலவற்றை மேற்பார்வை பார்த்தவர். "எனக்குத் தெரியுமே!" என்று விவரமாகச் சொல்லிவிட்டார். மறு வருஷம், 1830-இல், வாங் சிங்ரன் தம் திருத்த நூலை வெளியிட்டார். 1831-இல் காலமானார்.

அவருடைய நூலிலும் தவறு உண்டு. இறந்த உடலின் பெரிய நாடி வெறுமையாக இருந்ததைக் கண்டு, அதில் காற்று ஓடுகிறது என்று எழுதிவிட்டார். இறந்த உடல் எவ்வளவு உண்மை சொன்னாலும் உயிருள்ள உடலின் ரகசியத்தை முழுதும் சொல்லாது. இருந்தாலும் முப்பது வருஷம் ஒரு சதைத் திரைக்காக அலைந்த மனிதரை நான் குறைசொல்ல மாட்டேன். அவர் வாழ்நாளிலேயே, 1822-இல், ஊசி வைத்தியத்தை அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து சக்கரவர்த்தி நீக்கிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்களில் மட்டும் ஊசி ஓயவில்லை.

*

எல்லாம் அளந்தாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிற நேரத்தில் உடம்பு ஒரு புதிய பாடம் சொல்லும். மார்பின் நடுவில், இரண்டு முலைக்காம்புகளுக்கு மத்தியில், மார்பெலும்பின் மேல் ஒரு புள்ளி உண்டு. கீழே கெட்டியான எலும்பு. இதைவிட அபாயமற்ற இடம் வேறு ஏது என்று தோன்றும். ஆனால் கர்ப்பத்தில் மார்பெலும்பு பல துண்டுகளாக உருவாகிப் பிறகு ஒட்டிக்கொள்கிறது. நூற்றில் ஐந்து முதல் எட்டுப் பேருக்கு ஒட்டாமல் நடுவில் ஒரு துளை நின்றுவிடுகிறது. மேலே உறுதியான திசு மூடியிருப்பதால் விரலால் தொட்டுப் பார்த்தால் எலும்பு போலவே இருக்கும். துளையின் பின்னால் இருதயம்.

1995-இல் நார்வே நாட்டு டாக்டர்கள் லான்செட் பத்திரிகையில் ஒரு சம்பவத்தை எழுதினார்கள். நாற்பது வயதுப் பெண்மணி ஒருவருக்கு அந்தப் புள்ளியில் குத்திய ஊசி, அப்படிப்பட்ட துளை வழியாக இருதயத்தை எட்டிவிட்டது. இருதயத்தைச் சுற்றிய பையில் ரத்தம் நிறைந்து, இருதயம் விரிய இடமில்லாமல் அவர் இறந்துபோனார். குத்தியவர் புள்ளியைத் தவறவிடவில்லை. வெண்கல மனிதனிடம் பரீட்சை எழுதியிருந்தால் அவரும் தேறியிருப்பார். அந்தப் புள்ளியில் நேராகக் குத்தாமல், எலும்பை ஒட்டிப் படுக்கை வசமாகச் செலுத்த வேண்டும் என்று இன்று கற்பிக்கிறார்கள்.

நேயர்களைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. ஜெர்மனியில் ஊசி வைத்தியம் செய்துகொண்ட 2,29,230 பேரைக் கவனித்து 2009-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அவர்களில் நுரையீரல் துளைபட்டவர்கள் இரண்டே பேர். பயிற்சி பெற்ற கையில் இது அபூர்வமான ஆபத்து. அபூர்வமானதற்குக் காரணம், அது நேரக்கூடும் என்பதை மறக்காத கைகள்தாம்.

*

மூன்றாவது தடவை போனபோது நான் படித்ததையெல்லாம் டாக்டரிடம் பெருமையாக ஒப்பித்தேன். நான்கு ஃபென் கணக்கைச் சொன்னதும் அவர் சிரித்தார். காறைக் குழியைப்பற்றிய அந்தப் பழைய வரியைச் சொன்னபோது சிரிக்கவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"அந்த வரி எனக்கு மனப்பாடம், சார்" என்றார். "படிக்கிற காலத்தில் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். தொழில் தொடங்கின மூன்றாவது வருஷம் ஒரு அம்மா வந்தார்கள். உங்களுக்குப் போலவே தோள்வலி. ரொம்ப ஒல்லியான உடம்பு. அன்றைக்குக் கூட்டம் அதிகம். நேராகக் குத்திவிட்டேன். 'வலியே இல்லை, தம்பி' என்று சிரித்துக்கொண்டுதான் போனார்கள். ராத்திரி பத்து மணிக்கு அவர்கள் பிள்ளை டெலிபோன் செய்தான். அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றான். கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஓடினேன்."

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துக் காற்றை வெளியே எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, 'பயந்து போய்விட்டாயா, தம்பி?' என்று கேட்டார்கள். அன்றைக்கு மாத்திரம் திட்டியிருந்தால் எனக்கு மறந்து போயிருக்கும்."

இவ்வளவுதான் சொன்னார். பிறகு என் தோளைத் தடவி, கிணற்றின் வாயைக் கண்டுபிடித்தார். இரண்டு விரலால் சதையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். அவர் விரல்களை நான் இந்த முறை கவனித்துப் பார்த்தேன். அவசரம் சிறிதும் இல்லை. பெயர் தெரியாத பழைய சீன வைத்தியர்கள் சிலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல் எனக்குத் தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி, "குத்தினாரா? உயிர் போயிற்றா?" என்று கேட்டாள்.

"போகவில்லை. அவர் பயப்படுகிற டாக்டர்" என்றேன்.

"அப்படியானால் அவரிடமே போங்கள்" என்றாள். போய்க்கொண்டிருக்கிறேன்.